மசில் ஏறினால் கை இறுகுமா? ஒரே உடலில் உடற்கட்டும் தற்காப்புக் கலையும்

காலையில் ஜிம்முக்கும் மாலையில் கராத்தே வகுப்புக்கும் போகும் இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்குள் இரண்டு எச்சரிக்கைகளைக் கேட்டுவிடுவார். "மசில் ஏறினால் கை இறுகிப் போகும், குத்தில் வேகம் இருக்காது, ஜிம்மை விடு" என்பார் கராத்தே மாஸ்டர். "இப்படிக் குதித்துக்கொண்டிருந்தால் ஏற்றிய மசிலெல்லாம் கரைந்துவிடும், கராத்தேயை விடு" என்பார் ஜிம் மாஸ்டர். இருவரும் மாணவனின் நலனை எண்ணித்தான் சொல்கிறார்கள். இருவரும் தம் கண்ணால் கண்டதையே சொல்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால், கண்டதற்கு அவர்கள் கற்பிக்கும் காரணம் சரியானதன்று. கையை மந்தமாக்குவது தசை அன்று, தசையை வளர்ப்பதற்கான பயிற்சி விட்டுச்செல்லும் களைப்பே என்பதும், அந்தக் களைப்பைத் திட்டமிட்டுக் கையாண்டால் இரண்டு பயிற்சிகளும் ஓர் உடலில் தங்க முடியும் என்பதும் கடந்த எழுபது ஆண்டு ஆராய்ச்சிகளிலிருந்து படிப்படியாகத் தெளிவாகியிருக்கின்றன.

முதல் எச்சரிக்கை கராத்தே மாஸ்டர்கள் கண்டுபிடித்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் உடற்கல்விப் பேராசிரியர்களும் மருத்துவர்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் அதையே உறுதியாக நம்பினார்கள். எடை தூக்குபவனின் தசைகள் ஒன்றையொன்று முட்டி மூட்டுகளைப் பூட்டிவிடும், அவனால் தன் முதுகைக்கூடச் சொறிய முடியாது என்று வகுப்பறைகளில் பாடமாகவே நடத்தினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்த பீட்டர் கார்போவிச்சும் அவ்வாறு நம்பியவர்களில் ஒருவர். 1940-இல் எடைப்பயிற்சியைப் பரப்பிவந்த பாப் ஹாஃப்மன், ஜான் கிரிமெக் உள்ளிட்ட தம் வீரர்களுடன் அந்தக் கல்லூரிக்கு வந்து செயல்விளக்கம் நடத்தினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் எடை தூக்கிய கிரிமெக், 1940, 1941 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மிஸ்டர் அமெரிக்கா பட்டம் வென்றவர். அந்தக் காலத்தில் அவரைவிடத் திரண்ட உடல் கொண்டவரைக் காட்டுவது கடினம். அவர் தன் முதுகைச் சொறிந்து காட்ட முடியுமா என்று கார்போவிச் அவையில் எழுந்து கேட்டார். கிரிமெக் இரு கைகளாலும் முதுகைச் சொறிந்து காட்டினார். பிறகு கால்களை விரித்துத் தரையில் அமர்ந்தார். முழங்காலை மடக்காமல் குனிந்து முழங்கைகளைத் தரையில் ஊன்றினார்.

கார்போவிச்சை நான் மதிப்பது அதன் பிறகு அவர் செய்த காரியத்துக்காக. தன் நம்பிக்கை பொய்த்த இடத்திலேயே நின்றுவிடாமல், அவர் அதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். வில்லியம் ஜோர்பாஸ் என்பவருடன் சேர்ந்து, எடை தூக்கும் 300 பேரையும் எடையைத் தொடாத 300 பேரையும் ஒரு கைப்பிடிச் சக்கரத்தை இயன்ற வேகத்தில் சுழற்றச் செய்து, 24 சுற்றுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்தார். 1951-இல் வெளியான அந்த ஆய்வில் எடை தூக்குபவர்களின் கைகளே வேகமாகச் சுழன்றிருந்தன. வளைவுத்தன்மை பற்றிய ஐயமும் பின்னர் நீங்கியது. மூட்டின் முழு வீச்சுக்கும் எடையைக் கொண்டுபோய்ச் செய்யும் பயிற்சி, நீட்டிப்புப் பயிற்சிக்கு ஒப்பான அளவில் வளைவுத்தன்மையைக் கூட்டுகிறது என்பது 2021-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த முடிவு. பாதி ஸ்குவாட் (பளுவோடு உட்கார்ந்து எழுவது), பாதி பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பளுவை மேலே தள்ளுவது) என்று வீச்சைக் குறைத்துக்கொண்டு எடையை மட்டும் கூட்டுபவருக்கு இந்த நன்மை கிடைக்காது. கராத்தே மாஸ்டர் பார்த்த 'இறுகிய' மாணவர்களில் பலர் இந்த வகையைச் சேர்ந்தவர்களாகவே இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் உடலை வளர்ப்பதும் உடலால் பொருதுவதும் நெடுங்காலம் ஒரே களத்தில் நடந்தவை. தண்டாலும் பஸ்கியும் எடுத்து, கர்லாக்கட்டை சுற்றி, அதே மண்ணில் மற்போரும் சிலம்பமும் பழகினார்கள். தோளைச் சுற்றி முழு வட்டமாக இயங்கும் கர்லாக்கட்டை வலிமையையும் மூட்டின் வீச்சையும் ஒன்றாகவே வளர்த்தது. இந்தியாவில் அதைக் கண்ட ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் படைகளுக்கும் பள்ளிகளுக்கும் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவில் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. உடலைப் பார்வைக்கென்று தனியே வளர்க்கும் கலை, யூஜின் சாண்டோ 1901-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடத்திய பெரும் போட்டிக்குப் பிறகே ஓர் அமைப்பாக உருவெடுத்தது. நம் ஊர் ஆணழகன் போட்டிகள் அந்த வழியில் வந்தவை. எனவே, இந்த இரண்டுக்கும் இடையே இயல்பான பகை இருப்பதாக நினைப்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. ஆனால், பிரிந்த பிறகு இரண்டும் வெவ்வேறு திசைகளில் வெகுதூரம் வளர்ந்துவிட்டன என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அந்தத் தூரம் எவ்வளவு என்பது, குத்து எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் விளங்கும். 1980-களின் நடுவில் வெளியான ஒரு சோவியத் ஆய்வில், ஃபிலிமோனோவ் என்பவரும் அவருடைய குழுவினரும் 120 குத்துச்சண்டை வீரர்களின் நேர்க்குத்தைப் பகுத்து, அதில் கால், உடற்பகுதி, கை ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று கணித்தார்கள். உயர்தர வீரர்களின் குத்தில் காலின் உந்தல் ஏறத்தாழ 38 சதவீதம், உடற்பகுதியின் சுழற்சி 37 சதவீதம், கையை நீட்டுவது 24 சதவீதம். தொடக்கத் தரத்தினரிடமோ கையின் பங்கு 38 சதவீதமாக உயர்ந்து, காலின் பங்கு 17-ஐக்கூட எட்டவில்லை. தேர்ச்சி கூடக்கூடக் குத்து கையிலிருந்து காலுக்கு இறங்குகிறது. நம் ஜிம்களில் இளைஞர்கள் எந்தத் தசைகளுக்கு நாள் ஒதுக்குகிறார்கள் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்புக்கு இரண்டு நாள், பைசெப்ஸுக்கு இரண்டு நாள், காலுக்கு நேரமிருந்தால் ஒரு நாள். அப்படி வளர்ந்த உடலோடு குத்தும்போது கை பருத்திருக்கிறது, குத்து அதற்கேற்ப வளரவில்லை என்றால், அந்தக் குறையைத் தசையின் மேல் போட முடியாது. தசையை வளர்த்த இடம்தான் தவறு.

இடம் சரியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு தசை தன் முழு விசையை எட்ட 0.3 விநாடி அல்லது அதற்கும் மேல் ஆகிறது. குத்து, உதை போன்ற அசைவுகளில் தசை விசை தருவதற்குக் கிடைக்கும் நேரமோ 0.05 முதல் 0.25 விநாடி வரை மட்டுமே. அதாவது, உச்ச வலிமையை எட்டுவதற்கு முன்பே அடி போய்ச் சேர்ந்துவிடுகிறது. தற்காப்புக் கலையில் பயன்படுவது 'எவ்வளவு வலிமை' என்பதைவிட 'எவ்வளவு சீக்கிரம் வலிமை' என்பதே. உடற்கட்டுப் பயிற்சியின் மரபான முறை, ஒவ்வொரு செட்டையும், அதாவது நிறுத்தாமல் செய்யும் ஒவ்வொரு சுற்றையும், கை தளரும்வரை இழுத்து, கடைசி இரண்டு மூன்று ரெப்களை (தூக்கல்களை) நடுங்கிக்கொண்டு முடிப்பது. தசை பருமனுக்கு அது நல்ல வழி. வேகத்துக்கு அப்படி அன்று.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் ஸ்பெயினைச் சேர்ந்த பரேகா-பிளான்கோ குழுவினர். 2017-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் இரண்டு குழுக்களும் எட்டு வாரம் ஸ்குவாட் செய்தன. ஒரு குழு, பளு ஏறும் வேகம் முதல் ரெப்பைவிட 20 சதவீதம் குறைந்த உடனே செட்டை நிறுத்தியது. மற்றொன்று வேகம் 40 சதவீதம் விழும்வரை, அதாவது ஏறக்குறையக் கால் தளரும்வரை, தொடர்ந்தது. இரண்டாவது குழுவில் தசை கூடுதலாக வளர்ந்தது. ஆனால், முதல் குழுவின் செங்குத்துத் தாவல் 9.5 சதவீதம் உயர்ந்தபோது, இரண்டாவது குழுவின் தாவல் 3.5 சதவீதமே உயர்ந்தது. தசையிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்ததில், களைக்கும்வரை உழைத்த குழுவில் மிக வேகமான வகை இழைகளின் விகிதமும் குறைந்திருந்தது. கராத்தே மாஸ்டரின் பழைய எச்சரிக்கையில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான். எடை தூக்குவது வேகத்தைக் கெடுக்கவில்லை, ஒவ்வொரு செட்டையும் தளர்ச்சிவரை இழுக்கும் பழக்கமே வேகத்தின் வளர்ச்சியைத் தடுக்கிறது.

தளர்த்தத் தெரிவதும் இதில் சேரும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு இயக்கவியலை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், 2010-இல் தேர்ந்த கலப்புச் சண்டை வீரர்களின் தசைகளில் மின்முனைகளைப் பொருத்தி அளந்தபோது, அவர்களுடைய அடியில் இரண்டு இறுக்கங்களைக் கண்டார். அசைவு தொடங்கும்போது ஓர் இறுக்கம். கை கால் காற்றில் விரையும்போது தளர்வு. அடி பதியும் கணத்தில் உடல் முழுவதையும் ஒரே கட்டையாக்கும் இரண்டாவது இறுக்கம். நடுவில் உள்ள தளர்வே வேகத்தைத் தருகிறது. "தோளை விடு, கடைசியில் பிடி" என்று ஆசான்கள் ஆயிரம் முறை சொல்வதன் பொருள் இதுதான். உடற்கட்டுக்காரர் பழகுவதோ தசையை இடைவிடாமல் இறுக்கிப் பிடிப்பதை. மேடையில் போஸ் கொடுப்பதற்கு அந்தத் திறன்தான் தேவை. இரண்டையும் பழகுபவர், ஜிம்மில் கற்ற இறுக்கத்தை வகுப்பின் வாசலிலேயே விட்டுவிட்டு வரப் பழக வேண்டும். இது மனத்தாலும் நரம்பாலும் ஆகும் வேலை. பழகப் பழக வரும்.

பருமனைப் பற்றிய கேள்வி இதிலிருந்து வேறுபட்டது. தசையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்து உயர்கிறது. எடையோ கன அளவைப் பொறுத்து உயர்கிறது. ஆகவே, உடல் பெருக்கப் பெருக்க ஒரு கிலோவுக்கான வலிமை குறைந்துகொண்டே போகும், அந்த எடையைச் சுமந்து சுழல்வதற்கான ஆக்ஸிஜன் தேவையும் ஏறும். எடைப் பிரிவுகள் உள்ள விளையாட்டில், தேவையில்லாத இடத்தில் ஏறிய இரண்டு கிலோ தசை ஒருவரை அடுத்த பிரிவுக்குத் தள்ளி, தன்னைவிட உயரமானவர்களோடு மோதச் செய்துவிடும்.

இதைச் சரியாகக் கையாண்டவர் என்று நான் முதலில் சொல்வது ஜப்பானிய ஜூடோ வீரர் இசாவோ இனோகுமாவை. 1964 டோக்கியோவில்தான் ஜூடோ முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அதன் மேல் எடைப் பிரிவு 80 கிலோவில் தொடங்கியது. மேல் வரம்பு இல்லை. இனோகுமாவின் உயரம் 173 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 86 கிலோ. அந்தப் பிரிவுக்கு அவர் மிகச் சிறியவர். ஜப்பானில் தங்கிப் போர்க்கலைகளைக் கற்ற அமெரிக்கர் டான் டிரேகரின் தூண்டுதலால், அன்றைய ஜப்பானிய ஜூடோ உலகம் ஐயத்தோடு பார்த்த எடைப்பயிற்சியை அவர் மேற்கொண்டார். இறுதியில் தன்னைவிட வெகு கனமான கனடா வீரர் டக் ராஜர்ஸை வென்று தங்கம் பெற்றார். இனோகுமாவுக்கு எடைப்பயிற்சி எறிதல் நுட்பத்துக்கு மாற்றாக இருக்கவில்லை. நுட்பம் ஏற்கெனவே கைவசம் இருந்த ஒருவருக்கு, தன்னைவிடக் கனமானவரை அசைக்கத் தேவையான விசையை அது கொடுத்தது.

எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டும் வேண்டும். 2002 ஆகஸ்ட் 28 அன்று டோக்கியோ தேசிய அரங்கில் நடந்த கலப்புச் சண்டையில், ஏறத்தாழ 170 கிலோ எடை கொண்ட பாப் சாப், தன்னைவிட அறுபது கிலோவுக்கு மேல் இலேசான பிரேசில் வீரர் அன்டோனியோ ரோட்ரிகோ நோகெய்ராவைத் தலைகீழாகத் தூக்கிக் களத்தில் அறைந்தார். நோகெய்ரா தாங்கினார். இரண்டாவது சுற்றில் சாப் களைத்து மந்தமான நேரத்தில் அவருடைய கையைப் பூட்டி நோகெய்ரா வென்றார். எடைக்குப் பயனே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. அதே ஆண்டில் நின்று மோதும் கே-1 போட்டியில், நுட்பத்தில் தன்னைவிட எவ்வளவோ உயர்ந்த எர்னஸ்டோ ஹூஸ்ட்டை சாப் இரண்டு முறை வீழ்த்தினார். பருமன் குறுகிய நேரத்தில் பெரும் ஆயுதம், நேரம் நீளும்போது அதுவே பெரும் சுமை. உலகின் மிக வலிமையான மனிதர் பட்டத்தை ஐந்து முறை வென்ற போலந்தின் மரியுஸ் புட்சியனோவ்ஸ்கி, சிறுவயதிலிருந்தே கியோகுஷின் கராத்தே பயின்றவர். 2009 இறுதியில் கலப்புச் சண்டைக்கு வந்த அவர், 2010-இல் டிம் சில்வியாவிடம் இரண்டாவது சுற்றில் மூச்சுத் திணறிச் சரணடைந்தார். அதன்பின் பல கிலோ எடையைக் குறைத்துக்கொண்டுதான் ஆண்டுக்கணக்கில் களத்தில் நின்றார்.

இனி ஜிம் மாஸ்டரின் அச்சம். அதற்கு அறிவியலில் மதிப்பான ஒரு முன்னோடி உண்டு. எடைப்பயிற்சியில் ஊறிய ராபர்ட் ஹிக்சன் என்னும் இளம் ஆய்வாளர், செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹொலோசியின் ஆய்வகத்தில் சேர்ந்து, மதிய வேளைகளில் அவரோடு ஓடத் தொடங்கினார். எடை தூக்குவதைக் குறைக்காமலே தன் தசையும் வலிமையும் இறங்குவதைக் கண்ட அவர், சொந்த ஆய்வகம் அமைந்ததும் அதை முறையாகச் சோதித்தார். 1980-இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு குழு வாரம் ஐந்து நாள் எடைப்பயிற்சி மட்டும் செய்தது. இன்னொரு குழு வாரம் ஆறு நாள் ஓட்டமும் மிதிவண்டியும். மூன்றாவது குழு இரண்டையும் முழுமையாகச் செய்தது. பத்து வாரச் சோதனையில், மூன்றாவது குழுவின் வலிமை ஏழாவது வாரம்வரை எடைப்பயிற்சிக் குழுவோடு சேர்ந்தே ஏறி, பிறகு நின்று, கடைசி வாரங்களில் இறங்கியது. சகிப்புத்திறன் மட்டும் கெடவில்லை.

இந்த ஆய்வைக் காட்டித்தான் ஓட்டம், மிதிவண்டி போன்ற 'கார்டியோ மசிலைத் தின்றுவிடும்' என்று இன்றுவரை சொல்கிறார்கள். ஆனால், வாரத்துக்குப் பதினொரு முறை கடும் பயிற்சி செய்தவர்கள் அவர்கள் என்பதும், அப்படியிருந்தும் ஏழு வாரம் எந்தத் தடையும் இல்லாமல் வளர்ந்தார்கள் என்பதும் கவனிக்கப்படுவதில்லை. 2022-இல் ஷூமன் குழுவினர் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்தபோது, இரண்டையும் சேர்த்துச் செய்வது தசை பருமனையும் உச்ச வலிமையையும் குறைப்பதாகத் தெரியவில்லை. குறைவு தெரிந்தது வெடிப்பு வலிமையில், அதாவது திடீரென விசை தரும் திறனில், மட்டுமே. அதுவும் குறிப்பாக இரண்டு பயிற்சிகளையும் ஒரே அமர்வில் செய்தபோது. மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டவர்களிடம் அந்தக் குறை தென்படவில்லை. ஆக, மசில் கரைந்துவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை. பாதிக்கப்படுவது குத்தையும் உதையையும் இயக்கும் அந்தத் திடீர் விசைதான். இரண்டையும் ஒட்டி ஒட்டிச் செய்வதால் இழப்பு வருவது ஜிம் மாஸ்டரின் பக்கத்துக்கு அன்று, கராத்தே மாஸ்டரின் பக்கத்துக்கே என்பது இருவரும் எதிர்பாராத விடை.

இதிலிருந்து நடைமுறைக்கு வருவோம். தசையை வளர்ப்பதற்கு உழைப்பு மிகுதியாகத் தேவை. ஒரு தசைக்கு வாரத்துக்குப் பத்து செட்டுக்கு மேல் செய்பவர்களுக்கு நல்ல வளர்ச்சி கிடைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வளர்ந்த தசையைக் காப்பதற்கோ மிகக் குறைந்த உழைப்பே போதும். 2011-இல் பிக்கல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பதினாறு வாரம் பயிற்சி செய்த இளைஞர்கள் அதன்பின் 32 வாரம் பயிற்சியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தும் வளர்ந்ததை இழக்கவில்லை. வயதானவர்களுக்கு இந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைக்கவில்லை. இரண்டு பயிற்சிகளையும் விரும்புபவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது என்பேன். ஆண்டு முழுவதும் இரண்டிலும் முழு வேகத்தில் ஓட வேண்டிய தேவையே இல்லை. போட்டியோ பெல்ட் தேர்வோ இல்லாத மூன்று மாதத்தில், வகுப்பை நுட்பப் பயிற்சி அளவில் வைத்துக்கொண்டு, ஜிம்மில் நான்கு நாள் உழைத்துத் தசையை ஏற்றலாம். போட்டி நெருங்கும்போது ஜிம்மை வாரம் ஒன்று அல்லது இரண்டு அமர்வாகச் சுருக்கி, செட் எண்ணிக்கையைக் குறைத்து, எடையைக் குறைக்காமல் வேகமாகத் தூக்கி, களைப்புக்கு முன்பே நிறுத்திவிடலாம். தசை அங்கேயே இருக்கும்; உடல் மட்டும் புத்துணர்ச்சியோடு சண்டைக்குக் கிடைக்கும்.

ஒரு வாரத்துக்குள்ளும் இதே கணக்குதான். கடுமையான ஸ்குவாட்டுக்குப் பிறகு தசை வலி 24 மணி நேரத்தில் தொடங்கி 72 மணி நேரம்வரை நீடிக்கும். திங்கட்கிழமை காலை கால் பயிற்சி முடித்துவிட்டுச் செவ்வாய் மாலை உயர உதை பழகுபவர், மெதுவான உதையைத்தான் பழகுகிறார். நரம்பு எதைச் செய்கிறதோ அதைத்தான் கற்றுக்கொள்ளும். அதனால், கால் பயிற்சியை ஸ்பாரிங் (எதிராளியோடு மோதிப் பழகும் பயிற்சி) நாளுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. இரண்டும் ஒரே நாளில் வந்தே தீரும் என்றால், உடல் தெளிவாக இருக்கும்போது நுட்பமும் ஸ்பாரிங்கும் முதலில், சில மணி நேரம் கழித்து எடை. கடினமான இரண்டையும் ஒரே நாளில் அடுக்கிவிட்டு அடுத்த நாளை உண்மையான ஓய்வாக விடுவது, ஒவ்வொரு நாளும் பாதிப் பாதியாகக் களைப்பதைவிட நல்லது. கட்டா (எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் கராத்தே அசைவுகள்) போன்ற இலேசான பயிற்சிக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் தேவையில்லை.

ஜிம்மில் எதைச் செய்வது என்பதிலும் சில மாற்றங்கள் வேண்டும். குத்துவதே ஒரு தள்ளும் வேலை. அதன் மேல் பெஞ்ச் பிரஸையும் ஏற்றினால் தோள்கள் முன்னால் சரிந்து வலிக்கத் தொடங்கும். புல்-அப், ரோ போன்ற இழுக்கும் பயிற்சிகள் தள்ளும் பயிற்சிகளைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். நம் கர்லாக்கட்டையை ஜிம்முக்குள் மீண்டும் கொண்டுவருவதும் தோளுக்கு நல்லது. உடற்கட்டுக்காரர்கள் பொதுவாகத் தொடாத கழுத்தை மல்லர்கள் நாள்தோறும் பழகுகிறார்கள். 2014-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டு வீரர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், கழுத்தின் வலிமை ஒரு பவுண்டு கூடுதலாக இருந்தாலே தலையில் அடிபட்டு மூளை அதிரும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. தலையில் அடி வாங்கும் கலையைப் பழகுபவருக்கு பைசெப்ஸைவிடக் கழுத்து முக்கியம் என்று தயங்காமல் சொல்லலாம்.

உணவில் புரதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்ற அளவு பெரும்பாலோருக்குப் போதும்; 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 112 கிராம். மூன்று முட்டையும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் சேர்ந்து 30 கிராமை ஒட்டித்தான் தரும் என்பதால், மீன், கோழி, தயிர், பருப்பு என்று நாள் முழுவதும் பரப்பிக்கொள்ள வேண்டும். பேசப்படாதது சோறு. உடற்கட்டுக்காகச் சோற்றை அறவே ஒதுக்கிவிட்டு மாலையில் ஐந்து சுற்று ஸ்பாரிங் செய்ய வருபவரின் தசையில் மாவுச்சத்துச் சேமிப்பு இருக்காது. மூன்றாவது சுற்றிலேயே கை தாழ்ந்து, முகம் திறந்து, அடி வாங்குவார். மேடைக்காகக் கொழுப்பைக் குறைத்துத் தசையைத் துலக்கிக் காட்ட வேண்டிய காலம் வேறு, சண்டை பழக வேண்டிய காலம் வேறு.

ஆணழகன் மேடைக்கான தயாரிப்பு எவ்வளவு கடுமையானது என்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஊக்கமருந்து எடுக்காத ஓர் உடற்கட்டு வீரரை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதத் தயாரிப்பில் அவருடைய உடல் கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5 சதவீதத்துக்கு இறங்கியது. ஓய்வு நிலை இதயத்துடிப்பு 53-லிருந்து 27 ஆனது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 9.22 நானோகிராமிலிருந்து 2.27 ஆக வீழ்ந்தது, வலிமையும் குறைந்தது. அந்த உடலோடு ஸ்பாரிங் செய்வது அபாயம். மேடைக்கு முந்தைய இரண்டு மாதமும் பிந்தைய சில வாரங்களும் வகுப்பில் தனிப்பயிற்சி மட்டுமே போதும், யாரோடும் மோத வேண்டாம் என்று மாஸ்டர்கள் உறுதியாகச் சொல்ல வேண்டும். இரண்டு துறைகளுக்கும் பொதுவான பெரிய ஆபத்து, உடலின் நீரை வற்ற வைத்து எடையைக் குறைப்பது. 1997-இன் இறுதியில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போது உயிரிழந்தார்கள். அதன்பிறகே அங்கு விதிகள் மாற்றப்பட்டன. சென்னை வெயிலில் பிளாஸ்டிக் உடை அணிந்து ஓடும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூவரின் நினைவு வருகிறது. ஊசி வழியாகத் தசை ஏற்றுவதைப் பற்றி இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன்: தசை சில வாரங்களில் வளர்ந்துவிடும், அதை எலும்போடு பிணைக்கும் தசைநார் அந்த வேகத்தில் வளராது. முழு வேகத்தில் உதைத்து, சட்டென்று நிறுத்தி, திரும்பும் கலையில் அந்த இடைவெளியின் விலையைக் கொடுப்பது தசைநார்தான்.

மாஸ்டர்கள் இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே மாணவனுக்குப் பயிற்சி எழுதுகிறார்கள் என்பதே இன்றைய நடைமுறையின் குறை. ஜிம்மில் செய்த செட்டுகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வகுப்பில் செய்த ஸ்பாரிங் சுற்றுகளுக்கும் உதைகளுக்கும் எங்கும் கணக்கு இல்லை. மாணவன் ஒரே நோட்டில் இரண்டையும் தேதியிட்டு எழுதி, பக்கத்தில் முந்தைய இரவு தூங்கிய மணி நேரத்தையும், வகுப்பின் தொடக்கத்தில் இருந்த இடத்திலிருந்தே தாவி எட்டிய உயரத்தையும் குறித்துவந்தால் போதும். அந்தத் தாவல் இரண்டு வகுப்புகளில் தொடர்ந்து குறைந்திருந்தால், அடுத்த கால் பயிற்சியில் பாதி செட்டை எடுத்துவிடலாம் என்பதை ஜிம் மாஸ்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்துகொள்வார். வரும் வியாழக்கிழமை இந்தப் பையனை ஸ்பாரிங்கில் இறக்க வேண்டாம் என்று கராத்தே மாஸ்டரும் அதே பக்கத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.